வாஷரின் படகும் பல் டாக்டரின் காரும்

ஓட்டை என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் என் தம்பிக்குச் சோறு இறங்காது. நான்கு வயதில் சுவரில் எறும்பு போகிற துளைகளையெல்லாம் சோப்பு வைத்து அடைத்தான். ஒன்பது வயதில் பக்கத்து வீட்டுக்காரரின் புல்லாங்குழலைப் பழுது பார்த்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு அது ஊதவில்லை. இப்படிப்பட்டவன் குழாய் வேலைக்குப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எல்லோரும் அவனை வாஷர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவன் தெருவிலேயே கையை விரிப்பார்கள்.

நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்துவிட்டுத் தையல் வேலைக்கு வந்தவள். அளவெடுக்காமல் எதையும் சொல்ல மாட்டேன். அவன் போட்ட குழாய் இணைப்பு ஒன்றுகூட இருபத்திரண்டு வருஷத்தில் சொட்டியதில்லை. பஸ் நிலையத்துக் குழாய் சொட்டுகிறதே என்று கேட்பவர்களுக்கு: அதை அவன் போடவில்லை, விசாரித்துவிட்டேன்.

படகு அவனிடம் வந்தது இப்படி. ஏரிக்கரையில் படகு கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே குழாய் மாற்றப் போனவனிடம் முதலாளி ஒரு பழைய மரப்படகைக் காட்டி, அடுப்புக்கு ஆகும், எடுத்துக்கொண்டு போ என்றார். எங்கள் அப்பாவைவிட வயதான படகு. பதினெட்டு அடி நீளம், ஐந்தே முக்கால் அடி அகலம். டேப் பிடித்து நானே அளந்தது. அதை ஒவ்வொரு பலகையாகக் கழற்றி, இழைத்து, பழையபடி பூட்டி, ஓரம் முழுக்கப் பித்தளை அடித்து, சின்ன மோட்டார் ஒன்றும் பூட்டி, ஏரியில் மிதக்கவிட்டான். அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்தேன், எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்தேன்.

பதினோரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் படகில். அவன் மனைவி என் வீட்டில். தண்ணீரைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். துறைப் பலகையில் இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்குள் முகம் வெளுத்துவிடும். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடி. ஞாயிறு வந்தால் என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுப்பாள்.

ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "நானா படகான்னு உங்க தம்பியக் கேட்டேன், அண்ணி. படகு இப்படியெல்லாம் கேள்வி கேக்கறதில்லைன்னு சொல்றார்."

அதை நான் அவனிடம் அப்படியே போய்ச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. ரெஞ்சைத் துடைத்துப் பையில் போட்டுவிட்டு, அவள் எதில்தான் ஏறுவாள் என்று என்னைக் கேட்டான்.

அந்த வாரமே ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் வீட்டில் சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தான். டாக்டரிடம் அறுபது வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. பச்சை நிறம், உருண்டை விளக்கு, முன்னால் இருவர் சேர்ந்தாற்போல் உட்கார ஒரே நீள சீட். படுக்கை விரிப்பால் மூடி, ஷெட்டில் வைத்திருந்தார். டாக்டருக்கோ கார் வெறுத்துவிட்டது. முப்பது வருஷமாகத் தன் வீட்டம்மாதான் கார் ஓட்டுவதாகவும், ஸ்டியரிங் மட்டுமே தன் கையில் இருப்பதாகவும் சொன்னார். அந்த அம்மா ஏறாத வாகனம் ஒன்று அவருக்கு வேண்டும். தன் மனைவி ஏறுகிற வாகனம் ஒன்று தம்பிக்கு வேண்டும். தொட்டிக்கு அடியிலிருந்து அவன் வெளியே வருவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

ஒப்பந்தத்தை எழுதியது நான். யாருக்கும் நஷ்டம் வரக்கூடாதே என்று ஒரு வரியும் சேர்த்தேன்: ஆறு மாதத்துக்குள் எவர் குறை கண்டு கேட்டாலும் இருவரும் பொருளைத் திரும்ப மாற்றிக்கொள்ள வேண்டும். அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். என் கையெழுத்தை டாக்டர் பாராட்டினார். அவர் கையெழுத்தைப் பார்த்தபோது அந்தப் பாராட்டுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தது.

படகு லாரியில் ஏறி எங்கள் வாசல் வழியாகப் போனபோது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான் தம்பி. அப்போதுதான் வாசலைக் கழுவிவிட்டிருந்தேன். தூசியே இல்லை.

காரின் பிரேக்கையும் இஞ்சினையும் சரி செய்ய நான்கு மாதம் ஆயிற்று. முதல் வாரமே அடியில் படுத்துப் பார்த்தவன் என்னைக் கூப்பிட்டான். கதவுகளின் கீழ் விளிம்பில், கதவுக்கு மூன்றாகப் பன்னிரண்டு ஓட்டைகள்.

"அறுபது வருஷமா எவனும் பாக்கலக்கா. அடிக்க வேண்டிய ஸ்க்ரூவ மறந்துட்டானுங்க" என்றான்.

பன்னிரண்டையும் குழாய்ப் பசை வைத்து அடைத்தான். நான் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக ஊசியால் குத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கார் கம்பெனிக்காரன் விட்ட தப்பை என் தம்பி கண்டுபிடித்துவிட்டான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

கார் ஓடத் தயாரான சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் கார் வாசலில் நனைந்தது. தம்பி குடையோடு போய் உள்ளே தடவிப் பார்த்துவிட்டு வந்து, சொட்டு இல்லை என்று பெருமையாகச் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. அவன் மனைவி இஸ்திரி போட்ட புடவையில் முன் சீட்டில் ஏறினாள். என்னைப் பின்னால் உட்கார வைத்தார்கள்.

முதல் திருப்பத்தில் களக் என்று ஒரு சத்தம். அடுத்த திருப்பத்தில் களக், பளக். அவள் பக்கத்துக் கதவுக்குள்ளிருந்துதான் வந்தது. பிறகு என் பக்கத்திலும் கேட்டது. அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த மாதிரி வெளுத்தது.

"ஏங்க, படகக் குடுத்துட்டு ஏரிய உள்ள வச்சுட்டீங்களா?"

தம்பி ஓரம் கட்டி ரேடியேட்டரைப் பார்த்தான், பெட்ரோல் டேங்கைத் தட்டினான். கதவை மட்டும் பார்க்கவில்லை. தான் அடைத்த இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று அவன் எப்படி நினைப்பான்? வாந்தி வருவதற்குள் வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரை ஈரம். கையில் என் கையெழுத்து. படகை அன்று காலைதான் முதல் முறையாக ஏரியில் இறக்கினாராம். பத்து நிமிஷத்தில் எல்லாப் பலகை இடுக்கிலும் தண்ணீர் ஏறிவிட்டது. கரையோரம் என்பதால் தப்பித்தார். ஆறு மாதம் ஆக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, காரைக் கொடு, படகை எடுத்துக்கொள் என்றார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட வரியை என்னிடமே படித்துக் காட்டினார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

தம்பி மெதுவாகக் கேட்டான்: "இத்தன நாள் எங்க வச்சிருந்தீங்க டாக்டர்?"

"ஷெட்லதான். விரிப்பு போட்டு மூடி. ஒரு சொட்டுத் தண்ணி படவிடல" என்றார் டாக்டர், பெருமையாக.

எனக்கே விளங்கிவிட்டது. மரப்படகு தண்ணீரிலேயே கிடந்தால்தான் பலகை ஊறி, ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும். நான்கு மாதம் காய விட்டால் சுருங்கி இடுக்கு விடும். படகில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னால் டாக்டர் படகோடு போய்விடுவார். சொல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் படகு திரும்ப அவனிடம் வந்துவிடும். தம்பி வாயைத் திறக்கவில்லை. கட்டை விரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் மிட்டாயைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கும்போது அப்படித்தான் செய்வான். எனக்கும் வாய் வரவில்லை. என் தம்பி அந்தப் படகில் நிற்கிற அழகு அப்படி.

காருக்குள்ளிருந்து அவன் மனைவி பேசினாள். இன்னும் இறங்கவில்லை அவள். கதவு சாத்தியிருந்தது, மடியில் கைப்பை.

"டாக்டர், நான் சலவைக் கடையில இருபது வருஷமா நின்னுட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் இவர் பக்கத்துல உக்காந்திருக்கேன். வாந்தி வருது, இருந்தாலும் எந்திரிக்க மாட்டேன். காரு வேணும்னா என்னையும் சேத்து ஓட்டிட்டுப் போங்க."

டாக்டர் தம்பியைப் பார்த்தார். தம்பி அவளைப் பார்த்தான். கட்டை விரல் நின்றது.

"மூழ்கடிச்சிடுங்க டாக்டர்" என்றான்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் என்ன கேக்கறேன், நீ என்ன பேசறே என்று டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஓங்கி அறைந்தார். உள்ளே பளக் என்றது. அவர் முகம் மாறியது. மறுபடி ஆட்டிப் பார்த்தார். குனிந்து விளிம்பைத் தடவினார்.

"ஜன்னல் இடுக்குல இறங்கற மழைத்தண்ணி வெளிய போறதுக்கு வச்ச ஓட்டை இது. எந்த முட்டாள் இத அடைச்சது?"

"நாங்கதான்" என்றேன். அவனை மட்டும் மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல்லைக் குடைகிற கொக்கி ஒன்றை எடுத்தார். ஓய்வு பெற்றும் அதை விடவில்லை மனிதர். தெருவிலேயே மல்லாந்து படுத்து, ஒவ்வொரு ஓட்டையாகச் சுரண்டினார். பசை பெயர்ந்ததும் துருப்பிடித்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவர் சட்டையில் அடித்தது. ஒன்பதாவதில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசி மூன்றும் தம்பி மனைவியின் கதவில். அவள் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டாள். இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் படகுக்கு வைத்தியம் சொல்ல முடிந்தது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, துறையோரமாகப் படகைத் தண்ணீரில் அமிழ்த்தினான் தம்பி. மூன்று நாள் அது ஏரிக்குள் கிடந்தது. டாக்டர் மடக்கு நாற்காலி போட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பது போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் தம்பி தண்ணீரை இறைத்து வெளியேற்றினான். துணி வைத்துத் துடைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, அதே துணியை மறுபடி வைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. ஒப்பந்தத்தை வாங்கி, கோடு போட்டிருந்த வரியை ஸ்கேல் வைத்தே அடித்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி காரை ஏரிக்கரையில், தண்ணீருக்கு முப்பது அடி தள்ளி நிறுத்துகிறான். அதற்கு மேல் கிட்டே போக அவளிடம் அனுமதி இல்லை. ஜன்னலை ஏற்றிவிட்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் நானும் போயிருந்தேன். படகு ஏரி நடுவில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். தண்ணீரைத் தாண்டி ஒரு அம்மாளின் குரல் தெளிவாக வந்தது:

"இடது பக்கம் ஒடிங்க. நான் சொல்லச் சொல்ல எங்க பாக்கறீங்க?"

தம்பி மனைவி, தண்ணீருக்குப் பக்கத்தில் முதல் தடவையாக, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டிச் சிரித்தாள். தம்பி அவளைப் பார்த்தான். பிறகு படகைப் பார்த்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான்.