முகம் தெரிய ஒரு வயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஐப்பசி மாதம் பிறந்தால் இடிக்குப் பஞ்சமே இல்லை. காலையில் நல்ல வெயில் அடிக்கும். மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் ஒரு உறுமல் கேட்கும். உடனே லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் டி.வி. ப்ளக்கைக் கழற்றுவார்கள். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் என் மனைவிதான் தளபதி. "இடி வருதுங்க, ப்ளக்கக் கழட்டுங்க!" என்று குசினி அடுப்படியிலிருந்தே சத்தம் போடுவாள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டியவன். வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இன்றும் உறுமல் கேட்டவுடன் கை தானாக ப்ளக்குக்குப் போய்விடும்.

அவள் போன மறுவருடம் என் ஒரே மகள் கட்டாருக்கு வேலைக்குப் போனாள், ஒரு துணிக்கடைக்கு. இரண்டு வருட ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மூன்றரை மணியாகும்போது அவளுக்கு ஓய்வு நேரம். போனில் முகம் காட்டிப் பேசுவாள். வாரத்தில் அந்த அரை மணிதான் எனக்கு. மற்ற நாளெல்லாம் தேநீரை ஊற்றிக்கொண்டு, தெமோதரைப் பக்கம் ரயில் கூவுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவனை என் வீட்டில் ஒரு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் போன் சிக்னல் கிடையாது. அதனால் மகள் பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன டப்பாவை ஆள் மூலம் அனுப்பியிருந்தாள். வயர் எதுவும் இல்லை, ஜன்னல் கட்டையில் வைத்தால் எங்கிருந்தோ கொஞ்சம் சிக்னலைப் பிடித்துத் தரும். குரல் ஒருவாறு கேட்கும். முகம்தான் உறைந்துபோகும். அவள் சிரிப்பின் பாதியில் நின்று, வாயைத் திறந்தபடி ஒரு நிமிடம் இருப்பாள்.

இந்த ஐப்பசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அவளிடம் ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. "வந்துரும்மா." இரண்டு வருடமாக வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போன சொல் அது. உறைந்துபோன முகத்திடம் அதைச் சொல்ல முடியாது. பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ரோட்டோரம் கம்பங்களில் இன்டர்நெட் வயர் வந்தது. மகளிடம் சொன்னேன். "எதுக்குப்பா வீண் வேலை? இந்த டப்பாவே போதும்" என்றாள். நான் கேட்கவில்லை. பதுளையிலிருந்து ஒருவர் வந்து சுவரில் ஓட்டை போட்டு வயரை இழுத்து, ஒரு பெட்டியைப் பொருத்தினார். "சேர், இனி படம் கண்ணாடி மாதிரி இருக்கும். பெட்டிக்கு மட்டும் எப்பவும் கரண்ட் இருக்கணும்" என்றார். தலையாட்டினேன். டப்பாவைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை வெயில். அவள் முகம் முழுதாக வந்தது. காதில் புதுத்தோடு கூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் அதே கதை. பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பழகிய வாய்க்கு, பெற்ற பிள்ளையிடம் ஒன்று கேட்பதற்கு வெட்கம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எப்படியும் சொல்லிவிடுவது என்று முகம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டேன். மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் உறுமியது. டி.வி.யைக் கழற்றினேன். ஃபேனைக் கழற்றினேன். அந்தக் கையோடு பெட்டியின் ப்ளக்கையும் கழற்றினேன். பிறகு போனைத் துடைத்து மேசையில் நிறுத்தி, எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். மூன்றரையானது. நான்கும் ஆனது. வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். மடையன், வேறென்ன சொல்ல.

ஆறு மணிக்கு இடி அடங்கி ப்ளக்குகளை மாட்டியபோதுதான் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அதையும் நானேதான் கழற்றியிருந்தேன். போனில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. நான்கு அழைப்புகள். கீழே ஒரு செய்தி.

"அப்பா, கொன்ட்ராக்ட நீட்டிக்கவான்னு இன்னைக்கே சொல்லச் சொன்னாங்க. உங்ககிட்ட கேக்கலாம்னு கூப்பிட்டேன், கெடைக்கல. நீங்களும் வான்னு ஒருநாளும் சொன்னதில்லையே. கையெழுத்து போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருசம்."

உடனே கூப்பிட்டேன். அவள் கடைக்குள் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மூன்று மணிக்கு இடித்தது. டி.வி.யைக் கழற்றினேன். பெட்டியைத் தொடவில்லை. மூன்றரைக்குச் சரியாக அவள் வந்தாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கண் வீங்கியிருந்தது, அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

"ரெண்டு வருசம்தானேப்பா" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

கூரையே அதிர்வதுபோல் ஒரு இடி விழுந்தது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இடிக்குதே, நீங்க ப்ளக்கக் கழட்டலையா? அம்மா இருந்தா ஏசுவாங்க."

"ஏசட்டும்" என்றேன்.