பதினேழாம் குழி

எனக்குச் சும்மா உட்கார வராது. சின்ன வயதிலேயே வராது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மா தொடையில் ஒன்று வைப்பாள். அந்தக் கால் நின்று அடுத்த கால் ஆடத் தொடங்கும். "உடம்புல இன்னா எறும்பா ஊருது?" என்பாள். இப்போது எனக்கே ஒரு பிள்ளை இருக்கிறது, ஆனாலும் வானம் இடித்தால் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிடுவேன். எனக்கு இடி என்றால் பயம் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். பயமெல்லாம் இல்லை. வெட்கம்.

எங்கள் வீடு கிருமாம்பாக்கத்தில். மேற்கே கரும்பும் நெல்லும், நடுவில் கடலூர் ரோட்டு பஸ் சத்தம், கிழக்கே சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் கடல். ஆனால் எங்கள் வீட்டில் கடலை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மாசி மகத்துக்கு ஒரு தரம் காலை நனைப்பதோடு சரி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்துதான் என் சித்தி, அம்மாவின் தங்கை, விலங்கியல் படித்துவிட்டு ஆமை முட்டைகளைக் காக்கிற வேலைக்குப் போனாள்.

ஆமை என்றாலே வீட்டுக்கு ஆகாது என்று அம்மாவுக்கு ஒரு நினைப்பு. சித்தி வேலை முடிந்து வந்தால் பின்வாசலிலேயே நிறுத்தி, இரண்டு குடம் தண்ணீரைக் காலில் ஊற்றி, ஒரு பொட்டு மணல் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள்.

"முட்டையைத்தான்க்கா தொட்டேன், ஆமையைத் தொடல."

"அந்த முட்டையிலேர்ந்து இன்னா, ஆட்டுக்குட்டியா வரப் போவுது?"

அது ஒரு சீசனுக்கான வேலை. தையில் தொடங்கி வைகாசிக்குள் முடிந்துவிடும். உறுவையாற்றில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் சித்திக்காகக் காத்திருந்தார்கள். அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த ஒரு சீசன், வேலை நிலைத்தால் உன் இஷ்டம், நிலைக்காவிட்டால் நான் சொல்கிற இடத்தில் கழுத்தை நீட்டு. சித்தியும் சரி என்றாள். கடற்கரையில் வலை கட்டி அடைத்த ஒரு பொரிப்பிடம் அவள் பொறுப்பில் இருந்தது. பாதிக் குழிகளுக்கு மேல் தென்னங்கீற்று நிழல், மீதிக் குழிகள் வெயிலில். மணலின் சூட்டைக் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுவாள். சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் குஞ்சாம். நோட்டில் எழுதியது சரியாக வந்தால் அவளை நிரந்தரமாக்கி, ஒடிசா கரைக்கு மேல்படிப்புக்கும் அனுப்புவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். எங்கள் வீட்டில் ரகசியத்தைக்கூட பஸ் சத்தத்தை மீறிக் கத்தித்தான் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே சித்தியோடு தொற்றிக்கொண்டு போய்விடுவேன். அப்படி ஒரு நாள் நாங்களே ஒரு தடத்தைக் கண்டோம். டிராக்டர் டயர் ஏறி இறங்கிய மாதிரி கடலிலிருந்து மேலே வந்து திரும்பிப் போயிருந்தது. பங்குனி ஆமை என்று எங்கள் பக்கத்தில் சொல்கிற கடலாமை. சித்தி குச்சியால் மணலைக் குத்திப் பார்த்து, மண்டியிட்டுத் தோண்டினாள். பிங்பாங் பந்துகள் மாதிரி நூற்றுச் சொச்சம் முட்டைகள். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி பையில் அடுக்கி, ஸ்கூட்டியின் பின்னால் என்னை உட்கார வைத்து மடியில் கொடுத்தாள்.

"ஆடாத. மூச்சைக்கூட மெதுவா வுடு. ஆட்டினா உள்ள கரு செத்துடும்டி."

மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினாள். என் வாழ்க்கையில் நான் ஆடாமல் இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தது, அதைக்கூட ஓட்டவில்லை. பொரிப்பிடத்தில் அவற்றுக்குக் கிடைத்தது பதினேழாம் குழி. குழிக்குப் பக்கத்தில் நட்ட குச்சியில் நானே எண்ணை எழுதினேன். "எத்தினி நாள் ஆவும்?" என்றேன். நாற்பத்தைந்து, ஐம்பது ஆகும் என்றாள். ஐயோ! எனக்கு ஐந்து நாளே ஐந்து வருஷம்.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பதினேழாம் குழியைச் சுற்றிச் சுற்றி வருவேன். குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்குள் யாரும் காலை வைத்துவிடக் கூடாது. நாய் போனால் கல், ஆள் போனால் கத்தல், அது யாராக இருந்தாலும் சரி. ஒரு தரம் சித்தியின் மேலதிகாரி, 'சார்' என்போம், தெரியாமல் கயிற்றைத் தாண்டிவிட்டார். அவரையே "காலை எடுங்க சார்!" என்று சித்தி அதட்டிவிட்டாள்.

பதினைந்து நாள் போயிருக்கும். பங்குனி வெயிலில், சம்பந்தமே இல்லாமல், ஒரு சாயங்காலம் வானம் கறுத்து இடி இடித்தது. மழை நாலு தூற்றல்தான். இடியோ பாத்திரமெல்லாம் அதிருகிற இடி. அம்மா அடுப்படியிலிருந்து ஓடினாள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? அடைக்கோழியைப் பார்க்க. கூடையில் உமியைப் பரப்பி முட்டை வைக்கும்போதே ஒரு இரும்பாணி, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய் என்று உள்ளே போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். போடாவிட்டால் இடிச் சத்தத்தில் கரு கலங்கி, முட்டையெல்லாம் கூமுட்டை ஆகிவிடும். கோழியின் அடியில் கைவிட்டு, மூன்றும் இருக்கின்றன என்று தடவிப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கடற்கரையில் அத்தனை குழியிலும் ஒரு ஆணிகூடக் கிடையாதே!

சித்தி அன்று பாண்டிச்சேரியில், சாரின் ஆபீசில். மறுநாள்தான் வருவாள். அதுவரை நான் பொறுக்கவா? விடிந்ததும் அப்பாவின் ஆணி டப்பாவைக் கவிழ்த்தேன். அடுப்படியில் கரி, அம்மாவின் மிளகாய்த் தூக்கில் இரண்டு கை மிளகாய். பள்ளிக்கூடப் பையில் புத்தகத்தைக் கொட்டிவிட்டு இவற்றை நிரப்பிக்கொண்டு, சைக்கிளில் நின்றுகொண்டே மிதித்தேன்.

குப்பத்து அண்ணன் ஒருவர் அங்கே காவல். மீன் ஏலச் சத்தம் கேட்டதும் "செத்த நேரம் பாத்துக்கமா" என்று என்னையே காவல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாருங்கள், என்னை! ஒவ்வொரு குழியிலும் முழங்கை அளவு மணலைத் தள்ளி ஓர் ஆணி, ஒரு கரி, ஒரு மிளகாய். மணலைத் தட்டிச் சமமாக்கிவிட்டு அடுத்த குழி. வேர்த்து ஊற்றியது. கடைசியாகப் பதினேழு.

அது என் குழி ஆயிற்றே, அதை மட்டும் அப்படி மேலோட்டமாக விட மனசு வரவில்லை. முந்தின நாள் இடியில் ஏற்கனவே கெட்டுப்போயிருந்தால்? அம்மா கோழி முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பாள். கொளக் கொளக் என்றால் கூமுட்டை, சத்தம் இல்லையென்றால் நல்ல முட்டை. தோள்பட்டை வரைக்கும் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன், காதில் வைத்து ஆட்டினேன். ஆட்டக் கூடாது என்று சித்தி சொன்னது வண்டிக்கு என்றுதான் என் எண்ணம். ஒன்று விடவில்லை, நூற்றுச் சொச்சத்தையும் ஆட்டினேன். ஒன்றுகூடக் கொளக் என்று சொல்லவில்லை. அடேயப்பா, எவ்வளவு சந்தோஷம் எனக்கு! திரும்ப உள்ளே போட்டு மூடி, ஆணியும் வைத்துவிட்டு, அண்ணன் வருகிறவரை காவலுக்கு நின்றேன்.

சித்தியிடம் சொல்லவில்லை. எல்லாம் பொரிந்த பிறகு சொல்லி அசத்த வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சித்திரை பிறந்து முதல் மூன்று குழிகள் பொரிந்தன. குஞ்சுகள் போன பிறகு குழியைத் தோண்டி ஓடுகளைப் பார்ப்பார்கள். அன்று சாரும் வந்திருந்தார். முதல் குழியில் கைவிட்ட காவல்கார அண்ணன், சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். கையில் துருப்பிடித்த ஆணி. பின்னாலேயே கரி, மிளகாய்.

"ஐயோ, செய்வினை!"

அவ்வளவுதான், குப்பமே கூடிவிட்டது. இரண்டாம் குழியிலும் அதே, மூன்றிலும் அதே. யார் வைத்தது என்று கூச்சல். முன்பு முட்டை எடுத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவைக் கை காட்டினார்கள். அந்த அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். சார் காவல்கார அண்ணனிடம் "நீ எங்கேய்யா போயிருந்த?" என்று கத்தினார். அவர் என்னைப் பார்த்தார். போலீஸ் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு ஒரே குழப்பம். என்னைப் பாராட்டத்தானே வேண்டும், எதற்குக் கத்துகிறார்கள்?

சித்தி அந்த ஆணியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளும் அந்தக் கோழிக்கூடையைப் பார்த்து வளர்ந்தவள்தான்.

"நான்தான் சார் வச்சேன்" என்றாள்.

"நீங்களா? எதுக்கும்மா?"

"இடி இடிச்சுது சார். எங்க வூட்டு வழக்கம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மண்ணை வாரிய அம்மாகூடச் சிரித்தாள். சார் மட்டும் சிரிக்கவில்லை. "படிச்சவங்கதானே நீங்க? கை வச்ச குழியோட கணக்கை நான் யார்கிட்டம்மா காட்டுறது?" என்று நோட்டை மூடினார். வைகாசி வரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார்.

திரும்பும்போது ஸ்கூட்டியின் பின்னால் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "நான் வச்சதை நீ வச்சேன்னு எப்படிச் சொல்லலாம்?" என்று முதுகில் குத்தினேன். கொஞ்ச தூரம் போனதும் சித்தி, வேறு ஏதாவது செய்தாயா என்று மட்டும் கேட்டாள்.

"பதினேழுல எல்லாத்தையும் ஆட்டிப் பாத்தேன். ஒண்ணுகூடக் கூமுட்டை இல்ல!"

வண்டியை நிறுத்தினாள். இறங்கி, கரும்புக் கொல்லைப் பக்கம் திரும்பி நின்று, அவிழாத கூந்தலை அவிழ்த்து முடிந்தாள். பிறகு ஏறி, அன்றைக்கு மடியில் முட்டை வைத்துக்கொண்டு வந்தோமே, அதே வேகத்தில் ஓட்டினாள்.

ஆவணியில் உறுவையாற்றில் கல்யாணம். கல்யாணம் வரை அவளோடு நான் சரியாகப் பேசவில்லை. என் பெயரைத் தட்டிக்கொண்டு போனவள் என்று அவ்வளவு கோபம். எதற்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், அதனால் எது அவள் கையைவிட்டுப் போனது என்பதெல்லாம், நானும் கல்லூரியில் விலங்கியல் எடுத்து, ஆமை முட்டையின் கரு எப்படி ஓட்டின் மேல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வளர்கிறது என்று ஒரு மதியம் வாத்தியார் படம் வரைந்து சொன்னபோதுதான் விளங்கியது. வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்தச் சீசன் முடிவதற்குள் ஒரு சாயங்காலம். பதினெட்டாம் குழி பொரிந்துவிட்டது என்று செய்தி வந்ததும், கோபத்தை அன்றைக்கு மட்டும் ஒதுக்கிவிட்டுச் சித்தியோடு நானும் போனேன். குஞ்சுகள் ஈர மணலில் தத்தித் தத்திக் கடலுக்குள் போகிற வரை கை தட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். கடைசிக் குஞ்சை அலை வாங்கிக்கொண்டதும் சித்தியைத் தேடினேன். வலைக்குள், கயிற்றைத் தாண்டி, பதினேழாம் குழியின் மேலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பதினெட்டே போயிடுச்சு, நம்ம பதினேழு எப்போ?"

"அது நேத்தே போயிடுச்சுடி. நீ தூங்கினு இருந்த."

"என்னை ஏன் எழுப்பல?" என்று மணலை உதைத்தேன், அவள் மேலெல்லாம் தெறித்தது. அவள் தட்டிவிடக்கூட இல்லை. என்னையும் இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நானும் உட்கார்ந்தேன். சாரையே காலை எடுக்கச் சொன்னவள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மணல் சூடாக இருந்தது. நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு அவள் ஆடாதே என்று சொல்லவில்லை.