பெர்மிட் ஜன்னலில் மூன்று பூட்டுகள்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் வினோதா அக்கா முதன்முதலாக என்னிடம் நின்று பேசினார்.

“இன்னா மோனிகா, மவுஸைப் புடிச்சுக்கினு எவ்ளோ நேரமா தேடுற?”

“பெர்மிட் ஃபோல்டர்க்கா. சர்வர்ல எங்க இருக்குன்னு தெரியல.”

“அது ரெண்டு வருசமா இங்க இருக்கறவங்களுக்கே தெரியாது. நவுரு.”

என் நாற்காலியை இடுப்பால் தள்ளிவிட்டு, நின்றபடியே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். திரையின் நடுவே ஒரு வரி மட்டும் எழுதக்கூடிய ஒரு பெட்டி வந்தது. அதில் ‘யானை’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். உடனே பெரிய அரவை இயந்திரத்துக்கான பெர்மிட் படிவம் திறந்துகொண்டது.

“யானையாக்கா?”

“ஃபிட்டருங்க அப்டித்தான் சொல்லுவாங்க. ‘ஷ்ரெட்டர் நம்பர் ஒன்’னு எவன் சொல்றான்? ஜன்னலாண்ட வந்து, ‘அக்கா, யானைக்கு ஒரு பெர்மிட்’ம்பான். அவன் வாயில வர்றதுக்கே இதுவும் திறக்கணும்.”

“கம்பெனி குடுத்த சாஃப்ட்வேராக்கா?”

“இதுக்குப் பேரு லாஞ்சர். ஐ.டி. ஜோஷ்வா போட்டுக் குடுத்தாரு. வெறும் லாஞ்சர் இன்னா பண்ணும்? கால்குலேட்டரைத் திறக்கும், எக்செல்லைத் திறக்கும், அவ்ளோதான். மீதியெல்லாம் நான் மாட்டுனது. பிளக்-இன். இது நாம காப்பி பண்ண எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கும். இது லாரி நம்பர் அடிச்சா, போன தபா எப்போ வந்துச்சுன்னு காட்டும். இதான் யானையைத் திறக்கறது.”

“மொத்தம் எத்தனை இருக்கு?”

“பதினொண்ணு. பசிக்குதுன்னா சோறு போடற பிளக்-இன் மட்டும் இன்னும் எவனும் எழுதல. வா, நாஷ்டாவுக்கு மணியாச்சு.”

தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவில், பழைய பிளாஸ்டிக்கை அரைத்து மணிகளாக்கும் ஆலை எங்களுடையது. வினோதா அக்காவின் ஊர் பழவேற்காடு ஏரியோரம். அப்பா குப்பன் இன்றும் ஏரியில் இறால் பிடிக்கிறார். அக்கா ஐ.டி.ஐ.யில் ஓராண்டு கணினிப் படிப்பு படித்தவர். ஆனால் ஆலைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒப்பந்த வேலைதான்: ஓடும் பெல்ட்டின் அருகே நின்று பாட்டில் மூடிகளைப் பொறுக்குவது. நான்கு வருடம் பொறுக்கினார். பெர்மிட் கொடுக்கும் எழுத்தர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒரு வாரத்தில், “யாருக்காவது கம்ப்யூட்டர் தெரியுமா?” என்று பெல்ட்டில் கேட்டபோது, கையுறையைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கியது அவர் ஒருவர்தான்.

ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் பள்ளிப்பட்டில் தெலுங்கிலும் தமிழிலும் படித்தவள். என் ஆங்கிலமும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. அவரோ கம்பெனி பேருந்தில் ஒன்றே கால் மணி நேரம் போனில் அந்தப் பிளக்-இன்களைப் பற்றியே படித்துக்கொண்டு வருவார். புரியாத வார்த்தையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். கைபேசியை வாயிற்கதவில் ஒப்படைத்துவிட்டு, உள்ளங்கையைப் பார்த்தபடி உள்ளே வருவார்.

பெர்மிட் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த இயந்திரத்துக்குள்ளும் ஆள் இறங்குவதற்கு முன், அதற்கு வரும் மின்சாரத்தை எல்லா இடத்திலும் நிறுத்தி, ஒவ்வொரு சுவிட்சுக் கைப்பிடியிலும் ஒரு சிவப்புப் பூட்டு போட வேண்டும். சாவிகளை இறங்குகிறவரே வைத்துக்கொள்வார். அவர் வெளியே வந்து பூட்டைக் கழற்றும்வரை யாரும் மின்சாரம் கொடுக்க முடியாது. எங்கெங்கே பூட்ட வேண்டும் என்ற பட்டியல் பெர்மிட் தாளில் இருக்கும். ஆனால் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை. அக்கா திரையைப் பார்த்துப் பூட்டுகளை எண்ணிக் கொடுப்பார். கையில் எத்தனை பூட்டு வந்ததோ, அத்தனையையும் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் எங்கள் ஆலையின் வழக்கம்.

காலை ஒன்பதேகாலுக்கு ஜன்னலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். சர்வரிலிருந்து ஒரு பட்டியல் திறக்க நாற்பது வினாடி ஆகும். வரிசையில் இருப்பவர்கள் கத்துவார்கள். யானையைத் திறக்கும் பிளக்-இன்னில் ஒரு வசதி இருந்தது: பட்டியல்களை நம் கணினியிலேயே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து காட்டும். வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் இரவு, புது நகல் எடுத்துக்கொள்ளும். அக்கா அதைத் தேர்ந்தெடுத்தார். அடித்த மாத்திரத்தில் படிவம் வந்தது. “அக்கா ஏ.டி.எம். மாதிரி” என்று ஃபிட்டர்கள் சொன்னார்கள். ஏழு மாதம் ஒரு சிக்கலும் இல்லை. நகல் என்று ஒன்று இருப்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை யானைக்குப் புதிய புஷ்ஷர் பொருத்தினார்கள். பிளாஸ்டிக்கைக் கத்திகளை நோக்கித் தள்ளும் இரும்புப் பலகை அது. அதற்கான மின்சாரம் தனியாக, வேறொரு பேனல் அறையிலிருந்து வந்தது. அதுவரை யானைக்கு மூன்று பூட்டு. இனி நான்கு. அன்று மாலை சர்வரில் இருந்த பட்டியலில் நான்காவது இடத்தைச் சேர்த்து அடித்தவள் நான்தான். அக்கா அப்போது வீட்டுக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

திங்கள் காலை தீனா அண்ணன் ஜன்னலுக்கு வந்தார். அக்காவின் ஊர்க்காரர்.

“அக்கா, யானைக்கு. பிளேடு மாத்தணும்.”

“உங்கம்மா குடுத்தனுப்புன எறா தொக்குல உப்பு ஜாஸ்தி தீனா.”

“அது எங்கம்மா செய்யலக்கா. என் பொண்டாட்டி செஞ்சது.”

“அப்போ நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. ஒண்ணு, ரெண்டு, மூணு. சாவியைப் பாக்கெட்ல போடு. அடுத்தது யாரு?”

பெர்மிட் நகல்களைக் கோப்பில் கோக்கும் வேலை என்னுடையது. பத்து நாற்பத்து நான்குக்கு தீனா அண்ணனின் தாள் என் கைக்கு வந்தது. மூன்று இடங்கள்தான் அச்சாகியிருந்தன. நான் சனிக்கிழமை அடித்தது சரியாகச் சேமிக்கப்படவில்லையோ என்று முதலில் நினைத்தேன். அல்லது அக்காவுக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்கும். எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கேட்டில் நின்ற லாரி விஷயமாக மேசைப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா” என்றேன்.

இரு என்று கையைக் காட்டினார். நின்றேன். லாரி எண்ணை அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. போனை வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பத்தெட்டு.

“இன்னா சொல்லு.”

“யானைக்கு நாலு பூட்டு இல்லையாக்கா?”

“மூணுதானே?”

“புது புஷ்ஷருக்கு சனிக்கிழமை நாலாவது சேத்தேன்.”

அவர் பெட்டியை வரவழைத்து, யானை என்று அடித்தார். மூன்று. என்னைப் பார்த்தார். பிறகு, வழக்கமாகத் தொடாத மவுஸை எடுத்து, சர்வருக்குள் ஒவ்வொரு ஃபோல்டராகப் போனார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டியல் திறந்தது. நான்கு.

“பழைய நகல்” என்றார். “பழசைக் காட்டிக்கினு இருந்திருக்குது. நானும் பாத்துக்கினு குடுத்திருக்கேன்.”

எதிர்ச் சுவரில் அன்றைய வேலைப் பலகை தொங்கியது. புஷ்ஷர் பேனல், எலக்ட்ரீஷியன் வரதன், பதினோரு மணிக்கு மின்சாரம் என்று எழுதியிருந்தது. அக்கா பேனல் அறைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஆலைக்குள் யாரிடமும் கைபேசி கிடையாது. சிவப்புப் பூட்டுகள் வைக்கும் பெட்டி காலியாக இருந்தது. எல்லாவற்றையும் காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தார். தன் பையை வைக்கும் அலமாரிக்குப் போய், அதில் தொங்கிய சின்னப் பித்தளைப் பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டார்.

“நீ யானையாண்ட ஓடு. தீனாவை வெளிய இழு. நான் பேனலுக்குப் போறேன்.”

ஆலைக்குள் ஓடக் கூடாது. அன்று நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம்.

யானையின் வாய் தரையிலிருந்து நான்கு படி உயரத்தில் இருக்கும். வெளியே காவலுக்கு நிற்க வேண்டியவர், புது பிளேடு எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தார். நான் படியேறிப் பார்த்தேன். தீனா அண்ணன் உள்ளே குந்தியிருந்தார்; முதுகு என் பக்கம். அவருக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் அந்த இரும்புப் பலகை. “அண்ணா!” என்றேன். பக்கத்து லைனின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன்.

அப்போது படிக்குப் பக்கத்தில் இருந்த புஷ்ஷரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. வரதன் முன்கூட்டியே வேலையை முடித்துவிட்டார். அந்தப் புஷ்ஷரை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அந்தக் குறிப்பை அடித்தவளும் நான்தான்: உள்ளே ஏதாவது கிடப்பது தெரிந்தால், ஒரு நிமிடம் கழித்து அது தானாகத் தள்ளும். பெட்டியில் ஐந்து பொத்தான்கள் இருந்தன. எது எதற்கென்று இன்னும் எழுதி ஒட்டவில்லை. தவறானதை அழுத்திவிடுவேனோ என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். படியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, இரும்புச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

தீனா அண்ணன் மெதுவாகத் திரும்பினார். காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்தார்.

“இன்னாம்மா, டீ வந்துடுச்சா?”

விளக்கைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். ஒரு காலை விளிம்பில் வைத்தார். அவர் இரண்டாவது காலை எடுப்பதற்குள் விளக்கு அணைந்தது.

பேனல் அறையில் நடந்ததை வரதன் பிறகு சொன்னார். ஹெல்மெட் இல்லாமல், முடி அவிழ்ந்து, அக்கா உள்ளே வந்தார். நேராகப் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தார்; அதன் ஓட்டையில் பித்தளைப் பூட்டை மாட்டினார்; சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

“இன்னா வினோதா, பேஜாரு பண்ற? இப்பத்தானே சப்ளை குடுத்தேன்!”

“உள்ள ஆள் இருக்குதுண்ணா” என்று சொல்லிவிட்டு, அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் விசாரணை. உற்பத்தி மேலாளர் அருணாச்சலம் நல்ல மனிதர். யாரையும் மாட்டிவிட விரும்பாதவர்.

“சாஃப்ட்வேர் எரர்னு போட்டுக்கலாம் வினோதா. உனக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல.”

“எரர் இல்ல சார். அதுகிட்ட இன்னா சொன்னேனோ அதைத்தான் செஞ்சுது. வேகமா வேணும்னு நகல் எடுக்கச் சொன்னது நானு. புஷ்ஷர் வந்தது தெரிஞ்சும் மூணு எண்ணிக் குடுத்தது நானு.”

“எழுதினா சஸ்பென்ஷன் வரும்மா.”

“வரட்டும் சார். சாஃப்ட்வேர்னு எழுதுனா, இதை எடுத்துட்டு வேற ஒண்ணை மாட்டுவீங்க. அடுத்து வர்றவளும் திரையைப் பாத்து எண்ணிக் குடுப்பா. தீனா எதையும் படிக்காம உள்ள எறங்குவான்.”

ஐந்து நாள் சஸ்பென்ஷன் வந்தது. அதற்குள் ஜோஷ்வா வந்து லாஞ்சரையே கழற்றிவிட்டுப் போனார். அக்கா திரும்பி வந்ததும் அவரிடம் சண்டை போட்டு, அதை மறுபடி வாங்கினார். பத்துப் பிளக்-இன்களை ஒவ்வொன்றாக மாட்டினார். ஒவ்வொன்றும் எதையெல்லாம் நகல் எடுத்து வைக்கிறது, எப்போது மாற்றுகிறது என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினார். யானையைத் திறக்கும் பதினொன்றாவதை மாட்டவில்லை. இப்போது ஃபிட்டர் முதலில் இயந்திரத்தையும் அதற்கு மின்சாரம் வரும் பேனல் அறைகளையும் சுற்றி வந்து, எத்தனை கைப்பிடி என்று எண்ணி, ஜன்னலில் வந்து சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே அக்கா சர்வரில் பட்டியலைத் திறப்பார். இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால்தான் பூட்டு.

வரிசை வாசல்வரை நீள்கிறது.

“இன்னாக்கா, ஏ.டி.எம். ரிப்பேரா?”

“ஆமா, நின்னு வாங்கிக்கினு போ. நாலா, அஞ்சா? எண்ணுனியா, சும்மா சொல்றியா?”

அது நடந்த திங்களன்று மாலை, பேருந்தில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போனை வெளியே எடுக்கவில்லை. நான் கவரைப்பேட்டையில் இறங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் கேட்டார்.

“அந்தத் தாளை எத்தினி மணிக்குப் பாத்த?”

“பத்து நாப்பத்தி நாலுக்கா.”

“என்கிட்ட சொன்னது?”

“நாப்பத்தெட்டு. நீங்க போன்ல இருந்தீங்க.”

“நான் கை காட்டுனேன், நீ நின்ன. தப்பு என்னுதுதான்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேருந்து வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஓட்டுநர் என் நிறுத்தத்தைச் சொன்னார். நான் எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கறேன், செய்வியா? இனிமே இப்டி ஒண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா, அக்கான்னு கூப்புட்டுக்கினு பக்கத்துல நிக்காத. நான் போன்ல இருந்தாலும் சரி, மேனேஜர்கிட்ட இருந்தாலும் சரி. ‘ஏய் வினோதா’ன்னு பேரைச் சொல்லிக் கத்து.”