தொட்டால் தங்கும் பிஞ்சு

எங்கள் அறிவியல் டீச்சருக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்திருந்தேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லுக்கா பஞ்சம்? வழியில் பொறுக்கிய கல்லின் மேல் அமிலத்தைச் சொட்டவிட்டு, அது புசுபுசுவென்று நுரைப்பதைக் கை நடுங்காமல் காட்டியவர். ஆனால் இனப்பெருக்கப் பாடம் வந்ததும், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். அந்த வாரம் வகுப்பு முழுக்கப் படித்த பாடம் அது ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசி, நான் ஒன்பதாவது. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கொல்லையில் பூசணி போட்டிருந்தாள். மார்கழி பிறந்ததும் கொடி பூத்தது. பிஞ்சு ஒன்றும் தங்கவில்லை. மஞ்சளாகி வெம்பி விழுந்தது. பழி என் மேல் வந்தது. மாதவிலக்கை எங்கள் வீட்டில் தூரம் என்பார்கள். அந்த மூன்று நாளும் கொல்லைச் சார்ப்பில் எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு. கொடி பக்கத்திலேயே.

"இவ தொட்டிருப்பா. பின்ன எப்புடிக் காய் புடிக்கும்?" என்று அத்தை அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள். நான் தொடவே இல்லை. அம்மாகூட என்னை நம்பவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

வேறெதையோ தேடித்தான் அந்த நாலு பக்கத்தைப் படித்தேன், அகப்பட்டது பூசணி. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவில் ஒட்டினால்தான் பிஞ்சு தங்கும். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தெருவிலேயே பெரிய மார்கழிக் கோலம் அத்தையுடையது. காய்க்கிற பூவைப் பறித்தால் பாவம் என்று, காய்க்காத பூவாகப் பார்த்து, வண்டு வருமுன் ஒன்றுவிடாமல் பறித்து, கோலத்துச் சாணி உருண்டைகளில் செருகிவிடுவாள்.

மார்கழி முடியுமுன் மறுபடி சார்ப்புக்குப் போனேன். இந்த முறை வேண்டுமென்றே தொட்டேன். அத்தை எழுமுன் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, விரிந்திருந்த பெண் பூவின் நடுவில் தடவினேன். மூன்று நாளில் மூன்று பூ. அடையாளத்துக்குக் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். ஒன்று விழுந்தது. இரண்டு தங்கின, மாசிக் கடைசியில் ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

எல்லாம் தன் கைராசி என்று அத்தை பூசணிக் கூட்டு வைத்தாள். பாதிச் சாப்பாட்டில், நூலோடு இருந்த காம்பை அவள் முன்னால் வைத்தேன்.

"நாந்தான் தொட்டேன் அத்தை. தூரமா இருந்தப்பத்தான்."

புத்தகத்தையும் பிரித்து வாசித்தேன். அத்தை காம்பை எடுத்து நூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மா இன்னொரு கரண்டி கூட்டு எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் எனக்கு எந்தப் பரீட்சையிலும் கிடைத்ததில்லை.

மறு வருஷம் கோலத்தில் பூ பாதியாகக் குறைந்தது. ஒரு விடியலில் அத்தை சார்ப்புக்கு வந்து என்னை எழுப்பினாள். தூரம் என்று முனகினேன்.

"தெரியும்டி. ரெண்டு பூ விரிஞ்சிருக்கு. போயித் தொட்டுட்டு வா."