அத்தை கட்டியிருந்த ஆம்பிளை வாட்ச்

அத்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்ததும், அப்பா அவளுடைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"நீயே வச்சுக்கோட்டி. எனக்கு இதப் பாக்கவே பிடிக்கல."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் பாளையங்கோட்டையில் முதுகலை இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. மகேந்திரகிரி அடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின்களை அசையாமல் கட்டிப்போட்டு எரியவிட்டுச் சோதிக்கும் இடத்தில் எஞ்சினியராக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மஞ்சள் காமாலை முற்றி, ஐம்பது வயதைத் தொடும் முன்பே போய்விட்டாள்.

சனிக்கிழமைகளில் பணகுடிப் பக்கமிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாள். மறுநாள் காலையில் என்னைக் குறுக்குத்துறைக்கு அழைத்துப் போவாள். நான் ஆற்றில் முங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கடிகாரம் நனையாதபடி கையை உயரத் தூக்கி நொடி எண்ணுவாள். நான் தலையை வெளியே எடுத்ததும், "போன வாரத்தைவிடக் கூடட்டி!" என்று கத்துவாள். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பார்கள். தாமிரபரணியின் அந்தக் குளிர்ச்சியும் அவள் குரலும் எனக்கு இன்றுவரை சேர்ந்தேதான் நினைவுக்கு வருகின்றன.

அந்தக் கடிகாரம் ஆண்கள் கட்டுவது. பெரிய வட்டமான எஃகு உடம்பு, பழுப்பேறிய முகம், மயிரிழை போல ஒரு நொடி முள். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அத்தையின் மெலிந்த மணிக்கட்டில் அது ஒரு பக்கமாகச் சரிந்தே கிடக்கும்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரு கதை தெரிந்திருந்தது. அத்தைக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்தபோது, அப்பா தன் முதல் சம்பளத்தில் தங்க முலாம் பூசிய சின்ன லேடீஸ் வாட்ச் ஒன்றை வாங்கிக் கொடுத்தாராம். ஒரு விடுமுறைக்கு அவள் வீடு திரும்பியபோது அது இல்லை, இந்த ஆம்பிளை வாட்ச்தான் கையில் இருந்தது. கேட்டதற்கு, தொலைந்துபோயிற்று என்று மட்டும் சொன்னாள். யாரோ ஒருவன் கட்டிவிட்டிருக்கிறான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் சாப்பாடு, பஸ் நேரம், மழை தவிர வேறெதையும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆள் யாரென்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அவர் எங்கேயாவது உயிரோடு இருந்தால், அத்தை இறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்று கவலை வேறு.

முதலில் மகேந்திரகிரிக் குடியிருப்புக்குப் போய், அத்தையோடு வேலை பார்த்த ஒரு பெண் அதிகாரியைப் பார்த்தேன். "நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கே அவங்க கையில இது இருந்துச்சு. யாரு குடுத்ததுன்னு கேட்டா சிரிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார். பிறகு ஜங்ஷனில் ஒரு வாட்ச் கடைக்குக் கொண்டுபோனேன். தயாரித்தவர்களின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி அழிந்தும் அழியாமலும் இருந்தது. கடைக்காரரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். விற்ற கடையின் பெயர் அது. பெயரில் பாதி போய்விட்டது. ஊர் மட்டும் தெளிவாக இருந்தது: கொழும்பு.

எங்கள் குடும்பத்தில் யாரும் கடல் தாண்டியவர்கள் இல்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான், பதினாறாம் நாளன்று வந்திருந்த ஓர் அம்மாள் ஞாபகத்துக்கு வந்தார். கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி. பந்தலில் ஓரமாக உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். போகும்போது என் கையைப் பிடித்து, "புன்னைக்காயலுக்கு ஒருநாள் வா மக்கா. டீச்சர் வீடுன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். புன்னைக்காயல் கடலோர ஊர்; கொழும்புக்குப் போய்வந்தவர்கள் அங்கே இருக்கக்கூடும்.

அடுத்த ஞாயிறு புறப்பட்டேன். ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியாகப் பஸ் போயிற்று. வாழைத் தோட்டங்கள் முடிந்து உப்பங்காற்று முகத்தில் அடித்தது. எங்கள் ஆறு கடலில் சேர்வது அங்கேதான். டீச்சர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, "கதிரைய இழுத்துப் போட்டு இரி மக்கா" என்றார். அவர் தகப்பனார் கொழும்புக்கும் தூத்துக்குடிக்குமாகச் சரக்குத் தோணியில் போய்வந்தவராம். நாற்காலியைக் கதிரை என்பது அங்கிருந்து வந்த பழக்கம்.

நான் கடிகாரத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எங்கப்பா வாட்ச்சுல்லா இது!"

கோயம்புத்தூரில் இரண்டு பேரும் ஒரே விடுதி. அத்தை எஞ்சினியரிங், இவர் ஆசிரியர் பயிற்சி. தகப்பனார் கொடுத்த பெரிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போக இவருக்கு வெட்கம். அத்தைக்கு அதன்மேல் ஒரு கண்.

"அவ வகுப்புல இவ ஒருத்திதான் பொம்பளப் பிள்ள. லேப்ல ஒரே ஒரு ஸ்டாப் வாட்ச். அது பையன்மாரு கையில சுத்திச் சுத்தி வருமே தவிர இவகிட்ட வராது. லேடீஸ் வாட்ச்சுல நொடி முள்ளு கிடையாது. ஒருநாள் கோவத்தோட ரூமுக்கு வந்தா. 'உன் வாட்ச்ச எனக்குக் குடு, என் வாட்ச்ச நீ எடுத்துக்கோ'ன்னா. நானும் சரின்னுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அண்ணன் ஆசையா வாங்கித் தந்தத மாத்திட்டேன்னு வீட்டுல சொல்லப் பயம். தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டா. அப்புறம் உங்காளுக என்னென்னமோ நெனச்சது அவளுக்குத் தெரியும் மக்கா. 'நல்லதாப் போச்சு, கல்யாணப் பேச்சு எடுத்தாங்கன்னா இந்தக் கைய மேச மேல வச்சிருவேன், பேச்சு நின்னுரும்'னு சொல்லிச் சிரிப்பா. அவளுக்கு அந்த எஞ்சின்கதான் எல்லாம்."

உள்ளே போய் ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். பஞ்சுக்கு நடுவில் அப்பா வாங்கிய சின்ன வாட்ச். முலாம் தேய்ந்து, ஓட்டம் நின்று பல காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

"நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களாப்பா?"

அப்பா எழுந்து போய்ப் பின்வாசலில் நின்றுகொண்டார். அம்மா காபியைக் கொண்டுபோய் வைத்தாள். அது ஆறிப் போயிற்று. அந்த வாரம் முழுக்க அப்பா சரியாகப் பேசவில்லை. நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒருநாள் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம அந்த டீச்சரம்மா வீட்டுக்குப் போவமா?" என்று என்னிடம் பைய கேட்டார்.

போனோம். நாங்கள் சைவம் என்று டீச்சர் புதுப் பாத்திரம் வாங்கி, சாம்பாரும் வாழைக்காய்ப் பொரியலும் செய்து வைத்திருந்தார். அப்பா கூச்சத்தோடு இலை முன்னால் உட்கார்ந்தார். வாட்ச் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. டீச்சர் அத்தையின் விடுதி நாட்களைச் சொல்லத் தொடங்கினார். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிக் கல் தொங்கவிட்டு ஆட்டி எண்ணிக்கொண்டே இருந்தது, பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு பேரும் சினிமாவுக்குப் போய் வார்டனிடம் மாட்டிக்கொண்டது, முதல் வேலை கிடைத்த தகவல் வந்ததும் கட்டில் மேல் ஏறிக் குதித்தது. அப்பாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. இலையில் கை வைத்தபடி, சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் தாயி, எங்கள விட்டு அம்புட்டு தூரம் போயிருந்தாள்லா..." அப்பா டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அங்கன நல்லாச் சாப்பிட்டாளா?"

"ரெண்டாளு சாப்பாடு சாப்பிடுவா அண்ணாச்சி. எம் பங்கையும் விட மாட்டா."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். தன் தங்கையை நினைத்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.