சிமுலேட்டரில் நான் திறக்காத பக்கம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்கா விமானியாகப் பயிற்சி முடித்து உரிமம் வாங்கியவள். ஒரு விமான நிறுவனத்தின் எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறினாள். மிச்சம் இருந்தது, தரையில் வைத்த மாதிரி விமான அறையில் நடக்கும் சிமுலேட்டர் தேர்வு மட்டும்.
2. அதற்கு ஆறு வாரம் இருந்தது. வீட்டுக் கணினியில் பறந்து பழக என்னிடம் உதவி கேட்டாள்.
3. எந்தெந்த ஆட்-ஆன், அதாவது துணை மென்பொருள், வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது நான். அமைத்துக் கொடுத்ததும் நான்.
4. ஆறு வாரமும் ஒருநாள் விடாமல் பழகினாள்.
5. தேர்வில், விமானம் தரையை விட்டு எழும்பும்போது ஒரு இன்ஜினை நிறுத்தினார்கள். விமானம் அவள் பிடியை மீறிப் பக்கவாட்டில் திரும்பியது. தேறவில்லை.
6. பதினொரு நாள் கழித்து, கணினியில் நான் திறக்காமலே விட்டிருந்த ஒரு பக்கத்தைப் பார்த்தேன்.
7. அதை ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் எழுத வேண்டியது ஏழாவதைப் பற்றி. ஆனால் மூன்றாவதிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும்.

எங்கள் வீடு திருத்தணியில், மலைக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. முன்பக்கம் நான்கு விசைத்தறிகள். பின்னால் உள்ள அறையில் எங்கள் கட்டில், பீரோ, கணினி. நைனா, எங்கள் அப்பா, நான்கு தறிகளையும் ஓட விட்டால் மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளரில் வளையம் வளையமாக அலை வரும். "சத்தத்துக்குத் தனியா ஆட்-ஆன் வாங்காத. நைனா குடுக்கறாரு" என்பாள் அக்கா.

நான் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். தினமும் காலை ரயிலில் சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறேன். அங்கே சோதனைப் பிரிவில் வேலை. ஒவ்வொரு சர்க்யூட் போர்டையும் பட்டியல்படி சோதித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே குறியிட்டு, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி முடித்த வருடத்திலிருந்து வீட்டில் சிமுலேட்டர் ஓட்டி வருகிறேன். அக்கா நிஜ விமானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் இந்த அறையில் இருந்தபடி உலகம் முழுக்க இறங்கியிருக்கிறேன்.

அடிப்படை மென்பொருளோடு வானமும் பூமியும் சில விமானங்களும் வரும். அந்த விமானங்களில் பாதி சுவிட்சுகள் வெறும் படம்தான். நிஜத்துக்கு நெருக்கமாக வேண்டும் என்றால், மற்றவர்கள் தனியாகச் செய்து விற்பதை அல்லது இலவசமாகக் கொடுப்பதை அதன்மேல் சேர்க்க வேண்டும். அவைதான் ஆட்-ஆன்கள். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, பெரும்பாலானவை அழகுக்காக. பயணிகள் ஏறி இறங்குவதைக் காட்டுவது, ஜன்னலில் மழைத்துளி ஓடுவது, பணிப்பெண் குரல். விமர்சன வீடியோக்களில் எல்லாரும் சூரியன் மறையும் நேரத்தில் இறக்கையைக் காட்டுவார்கள். ஒரு ஹைட்ராலிக் பம்பை அணைத்தால் என்ன ஆகிறது என்று யாரும் காட்ட மாட்டார்கள்.

ஆகவே நான் ஒரு அட்டவணை போட்டேன். முதல் இடம் விமானத்துக்கு: தேர்வில் வரப்போகும் அதே ரகம், ஒவ்வொரு சுவிட்சும் வேலை செய்ய வேண்டும், கோளாறுகளை நாமே கொடுத்துப் பார்க்க முடிய வேண்டும். இரண்டாவது, மாதாமாதம் புதுப்பிக்கும் வழித்தடத் தரவு. இல்லாவிட்டால் கையில் இருக்கும் வரைபடமும் விமானத்தின் கணினியும் வேறு வேறு சொல்லும். மூன்றாவது நிஜ வானிலை. நான்காவதாக ஒரே ஒரு விமான நிலையத்தின் துல்லியமான காட்சி. மிச்சம் எதுவும் வேண்டாம், கணினியின் வேகத்தைத் தின்றுவிடும். விமானத்துக்காக மட்டும் நான்கு ஆட்-ஆன்களை ஒப்பிட்டேன். விமர்சனங்களை விட்டுவிட்டு, பயனர்களின் புகார்களையும் அவற்றுக்கு ஆட்-ஆனைத் தயாரித்தவர்கள் தந்த பதில்களையும் படித்தேன். எதை ஒத்துக்கொள்கிறார்கள், எதை மழுப்புகிறார்கள் என்பதில் நிறையத் தெரியும். தேர்ந்தெடுத்த ஆட்-ஆனுக்கு ஆயிரம் பக்கத்துக்கு மேல் கையேடு. முழுக்கப் படித்தேன். அதன் அமைப்புப் பக்கத்தில் இருந்த முப்பத்தொரு விருப்பங்களையும் ஒவ்வொன்றாக 'நிஜம்போல' என்று மாற்றினேன்.

கால் பெடல்கள் இல்லை. அவற்றையும் வரவழைத்தேன். மேசைக்கு அடியில் அவை வழுக்காமல் இருக்க நைனா ஒரு கட்டையை அளந்து, அறுத்து, ஆணி அடித்துக் கொடுத்தார்.

முதல் நாள் அக்கா திரையில் சென்னையிலிருந்து கிளம்பி எங்கள் ஊர் மேலே பறந்து காட்டினாள். அம்மா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"இன்னாடி, இதுவா நம்ம மலை? கோயில எங்க காணோம்?"

"கோயிலுக்குத் தனி ஆட்-ஆன்மா" என்றாள் அக்கா.

"அப்போ முருகரு இலவசம் கெடையாதுன்னு சொல்லு" என்றார் நைனா, வாசலிலிருந்து.

"சாமிகிட்ட வெளாடாதீங்க. ஏய், அந்தப் பக்கமா போ, அரக்கோணத்துல மிலிட்டரி பிளேன் எறங்கும். இடிச்சிடப் போற."

இரண்டு வாரம் இப்படிச் சிரிப்பாகத்தான் போனது. மூன்றாம் வாரம் இன்ஜின் கோளாறு பழக ஆரம்பித்தாள். விமானம் எழும்பும் நொடியில் நான் ஒரு இன்ஜினை நிறுத்துவேன். ஒரு பக்கம் மட்டும் உந்துவிசை இருப்பதால் மூக்கு மறுபக்கம் திரும்பும். அதைக் கால் பெடலை மிதித்து, வாலில் இருக்கும் ரட்டர் என்ற தகட்டைத் திருப்பி நேராக வைக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு முறையும் அருமையாகப் பிடித்தாள். நான்காவது முறை முடிந்ததும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, இது இவ்ளோ லேசா கீது? டிரெய்னிங்ல ரெட்ட இன்ஜின்ல ஒண்ணு நின்னா எனக்குத் தொடையே நடுங்கும். இதுல கட்டவெரல வெச்சா போதும்போல கீது."

"அது சின்ன பிளேனுக்கா. இது ஜெட். பாதி வேலைய கம்ப்யூட்டரே பாத்துக்கும்."

"இவ்ளோவா பாக்கும்?"

"ஆயிரம் பக்கம் மேனுவல நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

"ஆங், நீதான் படிச்ச" என்று திரும்பிக்கொண்டாள்.

கையேட்டில் இருந்தது வேறு. வால் அலைபாயாமல் இருக்க ஒரு சிறு கருவி ரட்டரை லேசாக அசைக்கும் என்று ஒரு பத்தி. இன்ஜின் நின்றால் அது காப்பாற்றும் என்று எங்கும் இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டது நான். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

தேர்வு வடக்கே ஒரு நகரத்தில் நடந்தது. திரும்பி வந்தவளை அழைத்துவர அரக்கோணம் போயிருந்தேன். திருத்தணி ரயிலுக்காக நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னாள்.

"இன்ஜின் நின்னுச்சு. காலு வெச்சேன். எப்பவும் வெக்கிற அளவுக்குத்தான் வெச்சேன். பிளேன் பாட்டுக்கு இஸ்துகினு போவுது. பக்கத்துல உக்காந்துகினு எக்ஸாமினரு 'ரட்டர், ரட்டர்'ங்கறாரு. நான் குடுத்துகினுதான சார் கீறேன்னு மனசுல சொல்லிகினு கீறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. கன்ட்ரோல அவரே வாங்கிகினாரு." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "படிப்பு வருதுடி எனக்கு. கைகாலு வரல."

அடுத்த வாரமே சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கும் வேலைக்கு அழைப்பு வந்தது. வகுப்பறை வேலை. இரண்டு வருட ஒப்பந்தம், அதுவரை வேறு எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது. அந்த விமான நிறுவனம் ஒரு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தது. அக்கா அதைப் பற்றிப் பேசவே இல்லை. "ஒரு எடத்துல உக்காரட்டும் விடு, போதும் அலைச்சல்" என்றார் நைனா. கையெழுத்துப் போட ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள்.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை, விடுப்பில் வீட்டில் இருந்தபோது. அடிப்படை மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, பழைய அமைப்புகள் அப்படியே வைக்கப்பட்டுள்ளன, சரிபார்க்கவும் என்று ஒரு பட்டியலைக் காட்டியது. தலைப்பு: உதவிகள். ஆறாவது வரி: தானியங்கி ரட்டர். எதிரே டிக்.

கையால் விமானத்தைச் சாய்த்தால், அதற்கு ஏற்ற ரட்டரை மென்பொருள் தானே கொடுத்துவிடும். புதிதாக விளையாட வருகிறவர்களுக்கான வசதி. முதன்முதலில் என்னிடம் ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக் மட்டும் இருந்தது, பெடல் இல்லை. அப்போது நான் போட்ட டிக். அதன்பிறகு மேலே எத்தனை நிஜமான விமானத்தை ஏற்றினாலும் அது அடியில் இருந்து வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. முப்பத்தொரு விருப்பங்களைப் பார்த்த நான், அதற்குக் கீழே இருக்கும் இந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. இன்ஜின் நின்றதும் அக்கா இறக்கையைச் சமன் செய்யக் கையைத் திருப்பியிருப்பாள். வேண்டிய ரட்டரில் பெரும்பகுதியை அப்போதே மென்பொருள் கொடுத்திருக்கும். காலால் அவள் கொடுத்தது மிச்சம் மட்டும்.

ஒன்பது நாள் சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் உண்டு. அவள் தேறாததற்கு அந்த டிக் மட்டுமே காரணமாக இருக்காது. இப்போது சொல்லி என்ன, தேர்வு முடிந்துவிட்டது. அவள் மனம் ஒரு வேலையில் நிலைக்கும் நேரத்தில் கலைக்கக் கூடாது. மூன்றையும் தினமும் ரயிலில் அடுக்கிப் பார்ப்பேன். தொழிற்சாலையில் போர்டுகளுக்குக் கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு நொடி நிற்கும். உண்மையான காரணம் வெட்கம். எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், ஞாயிறு காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அக்கா கட்டிலில் பாடப்புத்தகங்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நாளைக்குப் போகாத" என்றேன்.

"ஏன், ராகு காலமா?"

சொன்னேன். டிக்கை எப்போது போட்டேன், எப்போது பார்த்தேன், எத்தனை நாள் சொல்லவில்லை, எல்லாவற்றையும். அவள் ஒரு பக்கத்தின் ஓரத்தை மடித்தும் நிமிர்த்தியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காட்டு."

"கரண்டு இல்லக்கா."

"வரட்டும்."

முக்கால் மணி நேரம் அதே இடத்தில் இருந்தோம். நடுவில் அம்மா மோர் கொண்டுவந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை வைத்துப் போனாள். கரண்ட் வந்தது. முன்னால் தறிகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். டிக்கை அவளே எடுத்தாள். ஓடுபாதையில் விமானத்தை நிறுத்தச் சொன்னாள்.

முதல் முறை, எழும்பியதும் இன்ஜினை நிறுத்தினேன். விமானம் சுற்றிக்கொண்டு புல்லில் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவதில் பெடலை முழுக்க மிதித்தாள். நைனா அடித்த கட்டை கிரீச்சென்றது. கோணலாக, தள்ளாடி, ஆனால் மேலே போனது. ஆறாவதில் நேராகப் போனது.

கையை எடுத்துவிட்டு, திரையைப் பார்த்தபடியே பேசினாள். "லேசா கீதுன்னு கேட்டேன் இல்ல? கேட்டேனா இல்லியா?"

"கேட்டக்கா."

"ரெண்டு வருசம் நெஜ பிளேன் ஓட்டுனவ நானு. என் காலு சொல்லுது தப்புன்னு. அத விட்டுட்டு உன் பேச்ச கேட்டுகினு இருந்துகீறேன் பாரு." பிறகு, "ஒம்போது நாளு. அதான்டி எனக்குத் தாங்கல. டிக்கு கெடக்கட்டும்" என்றாள்.

விமானத்தை மறுபடி ஓடுபாதையில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

இன்று நிலைமை இது. அக்கா அந்தத் திங்கட்கிழமை கையெழுத்துப் போடவில்லை. அவகாசம் கேட்டாள், அவர்கள் கொடுக்கவில்லை, அந்த வேலை போய்விட்டது. நைனாவுக்கு என்ன நடந்தது என்று அவளே சொன்னாள், என் தவறைக் குறைத்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன். மறுபடி விண்ணப்பிக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது. தேர்வாளர் எழுதிய குறிப்பில் ரட்டரைத் தவிர இன்னொரு குறையும் இருந்தது, வேகத்தையும் கோளாறையும் உடனுக்குடன் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அறிவிப்புகளில் தாமதம் என்று. அதற்கும் என் டிக்குக்கும் தொடர்பு இல்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் பழகுகிறாள். அமைப்புகளை அவளே பார்த்துக்கொள்கிறாள், கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள். என்னிடம் வேண்டியதை மட்டும் பேசுகிறாள்.