செடியின் மேல் காய்ந்த சட்டைகள்

என் கணவருக்கு முதலில் அரித்தது கண் இமைகள். அடைமழை விட்டு நன்றாக வெயில் ஏறிய ஒரு காலையில், நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவர் இட்லியைத் தொடாமல் புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தூசி ஏதாவது விழுந்திருக்கும் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அன்று சாயங்காலம் கழுத்து சிவந்தது. இரண்டு நாளில் காதுக்குப் பின்னால் தடித்துப் பொரிப்பொரியாக எழும்பியது.

எங்களுக்குத் திருப்புலிவனத்தைத் தாண்டி இரண்டு ஏக்கர் நெல் நிலம். அவர் பள்ளிக்கூடம் விட்ட வயதிலிருந்து அதில்தான் இருக்கிறார். நான் பக்கத்து ஊர் பால்வாடியில் டீச்சர். பிள்ளைகளுக்குச் சளி, சொறி, அம்மை எல்லாம் பார்த்துப் பழகிய கை என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். சூட்டுக்கட்டு என்று முடிவு கட்டி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். எரிச்சல் தாங்காமல் தொட்டித் தண்ணீரில் தலையை முக்கினார். மறுநாள் குப்பைமேனி அரைத்தேன். அதற்கு மறுநாள் அவரே உத்திரமேரூருக்குப் போய், மருந்துக் கடையில் கழுத்தைக் காட்டி ஒரு டியூப் வாங்கி வந்துவிட்டார்.

அந்த டியூப் மந்திரம்போல வேலை செய்தது. பூசிய மறுநாள் சிவப்பு போயிற்று. நிறுத்தினால் நான்கு நாளில் திரும்ப வந்தது. திரும்ப வந்தால் திரும்ப டியூப். இப்படியே மூன்று வருடம். கடைக்காரர் அவரைப் பார்த்தவுடன் கேட்காமலே எடுத்து வைப்பார். அவரும் முகம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று களிம்பை எண்ணெய் மாதிரி தேய்த்துக்கொள்வார். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, உள்ளே ஓடும் சின்னச் சின்ன நரம்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. நெற்றித் தோலோ அதற்கு நேர்மாறாகத் தடித்து, வரி வரியாக மடிந்து, அவரை எப்போதும் கோபத்தில் இருப்பவர்போலக் காட்டியது. ஒரு கட்டத்தில் டியூபும் கேட்காமல் போயிற்று.

ஊரில் அதற்குள் பேச்சு வந்துவிட்டது. டீக்கடையில் அவருக்கு மட்டும் பேப்பர் கப் வைத்தார்கள். ஒரு நாள் பால்வாடியில் நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளையின் அம்மா வந்து வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காத. எம்புள்ளிக்கு மட்டும் ஆயம்மா கையால குடுக்கச் சொல்லு."

"ஏம்மா, இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். உங்க வூட்டுக்காரருக்குச் சொறி கீதுன்றாங்க. நீ அவரத் தொட்டுக்கினு வந்து புள்ளைங்களத் தொடுற. எங்களுக்குப் பயமா கீது."

அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டேன். பிறகு அந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்குமே ஆயம்மாதான் பரிமாறினாள். நான் பாட்டு மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரம்தான் அவரை வலுக்கட்டாயமாகச் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏற்றி, தோல் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் என் மகள் வயசுப் பெண். அவசரப்படாமல் கேட்டார்.

"வீட்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்காம்மா?"

"இல்லம்மா. எனக்கு ஒண்ணுமே இல்ல."

"விரல் இடுக்குல அரிக்குதா ஐயா?"

"அங்க இல்லம்மா. மொகந்தான். வெயில்ல போனா உயிர் போவுது."

"அப்போ இது சொறி இல்ல. யாருக்கும் ஒட்டாது" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் அம்மாவை இழுத்து வந்து இந்த வார்த்தையைக் கேட்க வைக்க வேண்டும் போலிருந்தது.

சட்டையைக் கழற்றச் சொன்னார். காலர் தொடும் இடம் வரை கருஞ்சிவப்பு. அதற்குக் கீழே முதுகு சுத்தமாக இருந்தது. காற்றில் வரும் ஏதோ ஒன்று மூடாத தோலில் படிகிறது என்று விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகக் களிம்பை நிறுத்தவைத்து, முதுகு சுத்தமாக இருக்கும் ஒரு வாரம் பார்த்து மறுபடி வரச்சொன்னார். அப்படிப் போனபோது முதுகில் சின்னச் சின்ன வட்டத் தகடுகளை வரிசையாக ஒட்டினார். ஒவ்வொன்றிலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடிய ஒரு பொருள். இரண்டு நாள் நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. பஸ்ஸில் சீட் கிடைத்தும் அவர் சாயாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் பிரித்தபோது ஒரே ஒரு வட்டம் மட்டும் வீங்கி, நீர் கோத்திருந்தது. டாக்டர் போனில் ஒரு படத்தைக் காட்டினார். சாமந்தி இலை மாதிரி இலை, அரிசி நொய்யைத் தூவியதுபோல வெள்ளைப் பூ.

"பார்த்தீனியம். உங்க பக்கம் இருக்கா?"

என் கணவர் சிரித்துவிட்டார். "இதுவா? இது எங்க இல்ல? எங்க வரப்பு பூரா இதான். இத்த போயி..."

டாக்டர் சிரிக்கவில்லை. "அக்குள்லயும் இடுப்புலயும்கூட லேசா இருக்கே. அங்க காத்து போகாதே. துணி எங்கம்மா காயப் போடுவீங்க?"



எங்கள் பம்புசெட்டில்தான் அவருடைய கழனிச் சட்டைகளைத் துவைப்பேன். அங்கே கொடி கிடையாது. வரப்போரம் இடுப்பு உயரத்துக்குப் புதராக வளர்ந்து கிடக்கும் அந்தச் செடியின்மேல்தான் சட்டை, பனியன், லுங்கி எல்லாவற்றையும் விரித்துப் போடுவேன். மேலே வெயில், கீழே காற்று, சீக்கிரம் உலரும். வெள்ளைப் பூ ஒட்டியிருந்தால் தட்டிவிட்டு மடிப்பேன். எத்தனையோ வருடமாக அப்படித்தான். என் புடவைகளை மட்டும் வீட்டுக் கொடியில் போட்டேன், குச்சியில் மாட்டி நூல் இழுத்துவிடும் என்று.

"எனக்கு ஏம்மா வரல?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

"எல்லாருக்கும் வராதும்மா. சிலருக்குப் பல வருஷம் ஒண்ணும் பண்ணாது. ஒரு நாள் உடம்பு அதை விரோதியா எடுத்துக்கும். அப்புறம் மறக்கவே மறக்காது."

"குணமாயிடுமா?"

"செடி படாம இருந்தா அடங்கும்."

செய்ய வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். கழனியிலிருந்து வந்தவுடன் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், துணியை மாற்ற வேண்டும். ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். இலை, மஞ்சள், எலுமிச்சை எதுவும் பூசக் கூடாது. களிம்பு அவர் சொன்ன நாள் வரைக்கும்தான், மாத்திரை ஒவ்வொன்றாகக் குறைத்துத்தான். துணி வீட்டுக்குள்ளே காய வேண்டும். முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு. பஸ்ஸில் வரும்போது என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

"நீ இன்னா பண்ணுவ, தெரிஞ்சா போட்ட? வுடு."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறு வாரமே கையுறை மாட்டிக்கொண்டு செடியைப் பிடுங்க ஆரம்பித்தேன். அவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பால்வாடி விட்டதும் நேராகக் கழனிக்குப் போவேன். பூ விடுவதற்கு முன் வேரோடு பிடுங்க வேண்டும், கொஞ்சம் விட்டால் விதை கொட்டிவிடும். இருபது நாளில் நான்கு வரப்பும் மொட்டையாயிற்று. பிடுங்கியதைக் குவித்துக் காயவைத்தேன். காய்ந்த குவியலுக்குத் தீ வைத்தால் தீர்ந்தது என்று நினைத்தேன். செடி செத்தாலும் அதன் தூசி சாகாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தீ வைத்த அன்று அவர் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சைக்கிளில் வந்து தூரத்தில் நின்றார். "பொறம்போக்குச் செடி, எரிஞ்சி போவட்டும்" என்று சந்தோஷமாகக் கத்தினார். காற்று திரும்பியது. புகையும் சருகுத் தூளும் அவர் பக்கம் போயின. வீட்டுக்கு வருவதற்குள் முகம் பூசணிக்காய்போல வீங்கி, கண் இரண்டும் மூடிக்கொண்டன. மறுநாள் முதுகு, வயிறு, தொடை என்று உடம்பு முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, படுக்கையைத் தட்டினால் தவிடு மாதிரி கொட்டியது. நடுங்கிக்கொண்டே இருந்தார். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அங்கே கொடுத்த மாத்திரையில் சர்க்கரை ஏறி, அது ஒரு தனி வியாதியாகத் தங்கிவிட்டது.

அந்த மழைக்கே வரப்பில் மறுபடி முளைத்தது. எங்கள் நிலத்துக்கு மேற்கே இருந்த கழனியை முந்தின வருடம் பிளாட் போட்டிருந்தார்கள். கல் நட்டு, ரோடு போட்டு, பலகை வைத்ததோடு சரி, யாரும் வீடு கட்டவில்லை. அந்த இடம் பூராவும் இடுப்பளவு வெள்ளையாகப் பூத்து நின்றது. பஞ்சாயத்தில் மனு கொடுத்தேன். ஒரு தடவை மருந்து அடித்தார்கள். ரோட்டோரம் கருகியது, உள்ளே அப்படியே நின்றது. பிளாட்காரர்கள் யார் யாரென்று யாருக்கும் தெரியவில்லை.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். சென்னையிலிருக்கும் மகள் வீட்டுக்கு அவரை அனுப்பி வைத்தேன். நகரத்தில் செடி ஏது என்று நம்பினேன். பத்தாம் நாள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, பக்கத்து காலி மனையில அதே செடிதாம்மா. அப்பா பால்கனியில நின்னுக்கினு காட்டுறாரு. கண்ணு வீங்கிப் போச்சி."

திரும்பி வந்துவிட்டார். இப்போது மேற்குப் பக்க ஜன்னலை அடைத்துவிட்டு உள் அறையில் இருக்கிறார். டிவியை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்க்கிறார். மழை நின்று வெயில் வந்தால் பயம், காற்று அடித்தால் பயம். குத்தகைக்காரர் வந்து பயிர் எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். களிம்பு, மாத்திரை, எண்ணெய் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நான் தவறுவதில்லை. அதனால் வியாதி கூடாமல் இருக்கிறது, அவ்வளவுதான். குறைந்தது என்று சொல்லும்படி ஒரு வாரம்கூட இருந்ததில்லை. என்ன வியாதி என்று தெரியாத மூன்று வருடத்தில் எங்களுக்கு ஒரு நம்பிக்கையாவது இருந்தது.

போன மழையில் உத்திரமேரூர் ஏரி நிரம்பியது. நான் பால்வாடிக்குப் போயிருந்த நேரம், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போயிருக்கிறார். ஏரிக்கரை முழுக்க அந்தச் செடிதான். நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். இமை தடித்துக் கண் பாதி மூடியிருந்தது. கழுத்தில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. கால் ஈரமாக இருந்தது.

"எங்க போன?" என்றேன்.

"தண்ணி கரையத் தொட்டுக்கினு கீதுமே" என்றார். "கலங்கல்ல தண்ணி வழிஞ்சி போவுது. பார்த்துட்டு வந்தேன்."

பின்கட்டில் நிற்கவைத்து, நான்கு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினேன். சட்டையைத் தனியாக ஊறவைத்தேன். மறுநாள் காலையில் குறைத்துக்கொண்டு வந்த மாத்திரையை மறுபடி முதல் அளவிலிருந்து ஆரம்பித்தோம்.